எலியில் நீக்கிய மரபணுவும் மல்லாங்கிணற்று நோயாளியும்

ஒரு மரபணுவை நீக்கியதும் சுண்டெலிகளின் ரத்தப் புற்றுநோய் மறைந்துவிட்டது என்ற செய்தி ஏதாவது ஒரு வடிவில் நாளிதழ்களில் வந்துகொண்டே இருக்கிறது. ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். வீட்டில் நோயாளி இருப்பவர்களால் அப்படிக் கடந்துபோக முடியாது. மல்லாங்கிணற்றிலோ காரியாபட்டியிலோ திருச்சுழியிலோ, மகனுக்கோ மருமகளுக்கோ சி.எம்.எல். என்ற ரத்தப் புற்று என்று மதுரையில் எழுதிக்கொடுத்த சீட்டோடு வாழும் குடும்பத்துக்கு அந்தச் செய்தி ஒரு வாக்குறுதியாகவே கேட்கும். எலும்பு மஜ்ஜையும் சுண்டெலியுமாகவே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. அந்தத் தொழிலுக்குள் இருந்து பார்த்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இதுதான்: எலியில் ஒரு மரபணுவை நீக்கிப் பெறும் முடிவு மருந்தின் தொடக்கம்கூட ஆகாது, அது ஒரு நல்ல கேள்வியின் தொடக்கம். அந்தக் கேள்வி மூன்று வாசல்களைக் கடக்க வேண்டும். நோயின் வேராக இருக்கும் செல்லுக்கு அந்த மரபணு தேவையா? உடம்பின் நல்ல ரத்தத்தை உண்டாக்கும் செல் அது இல்லாமல் பிழைக்குமா? எலியின் செல்லுக்கு உண்மையானது மனிதச் செல்லுக்கும் உண்மையா? முதல் வாசலிலேயே கைதட்டிவிட்டுக் கலைந்துபோவதுதான் இந்தத் துறையின் பெரிய பலவீனம். ஆனாலும் அந்த முதல் வாசலைத் திறக்காமல் மற்ற இரண்டுக்கும் போக வழியில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசலில் சீமைக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுபவர்களுக்கு இந்த நோயின் இயல்பை விளக்குவது எளிது. மேலே உள்ளதை எத்தனை தடவை வெட்டினாலும் தூர் மண்ணில் இருக்கும்வரை அது தழைத்துக்கொண்டே இருக்கும். ரத்தப் புற்றிலும் ரத்தத்தில் பெருகிக் கிடக்கும் வெள்ளணுக்களில் மிகப் பெரும்பாலானவை சில நாட்களில் தாமாகவே செத்துப்போகிறவை. மஜ்ஜைக்குள் மிகச் சிறிய எண்ணிக்கையில், பெரும்பாலும் உறங்கிக் கிடக்கும் ஒரு வகைச் செல்தான் அவற்றைத் திரும்பத் திரும்ப உண்டாக்குகிறது. அதைத்தான் ரத்தப் புற்றின் ஸ்டெம் செல் என்கிறோம். ஆனால் தூரை மட்டும் தனியாகப் பார்த்துத் தோண்டிவிடலாம், இங்கே அப்படி முடியாது. அந்தச் செல் நல்ல ரத்தத்தின் ஸ்டெம் செல்லோடு ஒரே இடத்தில், ஏறத்தாழ ஒரே தோற்றத்தில் வாழ்கிறது. ஒன்றைக் கொன்று மற்றொன்றைக் காப்பாற்றுவதுதான் இந்தத் தொழிலின் முழுச் சிக்கலும்.

அப்படி ஒரு செல் இருக்கிறது என்று ஊகிப்பது வேறு, காட்டுவது வேறு. கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிக்குப் புதிய மஜ்ஜையைச் செலுத்தினால் அதன் மண்ணீரலில் சிறுசிறு முடிச்சுகள் தோன்றுகின்றன என்பதை 1961இல் கனடாவின் டொரான்டோவில் ஜேம்ஸ் டில்லும் எர்னெஸ்ட் மெக்கல்லக்கும் கண்டார்கள். ஒவ்வொரு முடிச்சும் ஒரே செல்லிலிருந்து வளர்ந்தது என்பது அடுத்த சில ஆண்டுகளில் உறுதியானது. நல்ல ரத்தத்தின் ஸ்டெம் செல்லுக்குக் கிடைத்த முதல் திடமான சான்று அது. அதே நகரத்தில் 1994இல் ஜான் டிக்கின் குழு, நோயாளிகளின் தீவிர மைலாய்டு ரத்தப் புற்றுச் செல்களை நோய் எதிர்ப்புத் திறன் இல்லாத எலிகளுக்குள் செலுத்தியது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் செல்களில் ஒன்றுக்குத்தான் எலிக்குள் நோயை வளர்க்கும் திறன் இருந்தது. அந்த ஒன்று, மேற்பரப்பில் சி.டி.34 அடையாளம் இருந்து சி.டி.38 இல்லாத கூட்டத்தில் இருப்பதாக அவர்கள் எழுதினார்கள். அடுத்த பத்து ஆண்டுகள் துறை முழுவதும் அந்த இரண்டு அடையாளங்களையே வேதமாகப் பிடித்துக்கொண்டது. பிறகு 2008இல் லண்டனில் டேவிட் டாசிக்கும் சக ஆய்வாளர்களும், செல்லைப் பிரித்தெடுக்கப் பயன்பட்ட சி.டி.38 எதிர்ப்பொருளே எலிக்குள் போன செல்களை அழிக்கத் தூண்டிவிடுகிறது என்று காட்டினார்கள். அந்தத் தடையை நீக்கியதும், இல்லை என்று கருதப்பட்ட கூட்டத்திலும் நோயை உண்டாக்கும் செல்கள் கிடைத்தன. எலியும் எதிர்ப்பொருளும் சேர்ந்து எண்ணிக்கையையே மாற்றியிருந்தன. செல்லின் மேல் ஒட்டியிருக்கும் அடையாளத்தை நம்பாமல் அது செய்யும் காரியத்தை வைத்தே அதை அறிய வேண்டும் என்ற பாடத்தைத் துறை இப்படித்தான் கற்றது. ஒரு எலியில் நோயை வளர்த்து, அந்த எலியின் மஜ்ஜையை எடுத்து இன்னொரு எலிக்குச் செலுத்தி, அங்கும் நோய் வளர்ந்தால்தான் ஸ்டெம் செல் என்ற பெயருக்கு அது தகுதி பெறும். இன்றும் இதைவிட நல்ல சோதனை கிடையாது.

இந்தச் சோதனையெல்லாம் நம் ஊர் நோயாளியோடு வந்து சேரும் இடம் சி.எம்.எல். எனப்படும் நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்று. 1960இல் பிலடெல்பியாவில் நோவெலும் ஹங்கர்ஃபோர்டும் இந்த நோயாளிகளின் செல்களில் வழக்கத்தைவிடச் சிறிய குரோமோசோம் ஒன்றைக் கண்டார்கள். 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் தங்கள் துண்டுகளை மாற்றிக்கொண்டதால் வந்தது அது என்று 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்த மாற்றத்தில் பி.சி.ஆர்-ஏ.பி.எல். என்ற ஒட்டு மரபணு பிறக்கிறது. 1990இல் ஜார்ஜ் டேலி, ரிச்சர்ட் வான் எட்டன், டேவிட் பால்டிமோர் ஆகியோர் அந்த ஒரு மரபணுவை வைரஸ் மூலம் எலியின் மஜ்ஜைக்குள் செலுத்தி அதே நோயை எலியில் வரவழைத்தார்கள். நோய்க்கு அந்த மரபணுவே போதும் என்ற சான்று மருந்து தேடியவர்களுக்குத் துணிவைக் கொடுத்தது. அந்த மரபணுவின் செயலை அடக்கும் இமாட்டினிப் என்ற மருந்து 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நம் நாட்டில் அது எளியவர்களுக்குக் கிடைத்த வரலாற்றில் சென்னைக்கும் பங்கு உண்டு. அந்த மருந்தின் படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் கேட்ட காப்புரிமையைச் சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் மறுத்தது. காப்புரிமைச் சட்டத்தின் பிரிவை எதிர்த்து அந்த நிறுவனம் தொடுத்த வழக்கை சென்னை உயர் நீதிமன்றம் 2007இல் தள்ளியது. உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று இறுதியாகத் தீர்ப்பளித்தது. மாதம் 1 லட்சத்து 20 ஆயிரம் ரூபாய் அளவில் இருந்த மருந்தை இந்திய நிறுவனங்கள் 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் தந்தன, பின்னர் விலை மேலும் இறங்கியது. மானாவாரிக் காட்டை நம்பி வாழும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு உயிருக்கும் சாவுக்கும் இடையிலான வேறுபாடு.

இமாட்டினிப் மாத்திரை இவ்வளவு நன்றாக வேலை செய்யும்போது எலியில் இன்னும் மரபணுக்களை நீக்கிக்கொண்டிருப்பது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் 10 ஆண்டுகள் கழித்தும் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருப்பதை 2017இல் வெளிவந்த நீண்ட கால ஆய்வு காட்டியது. ஆனால் மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பிரான்ஸில் ஃபிரான்சுவா-சாவியே மாஓன் தலைமையில் நடந்து 2010இல் வெளியான ஆய்வில், குறைந்தது இரண்டு ஆண்டுகள் ரத்தத்தில் நோயின் சுவடே தெரியாமல் இருந்த 100 பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நோய் திரும்பியது, அதுவும் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களுக்குள். சுவடு தெரியாத இடத்திலும் வேர் இருந்திருக்கிறது. 2011இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து ஆய்வாளர்கள், சி.எம்.எல். ஸ்டெம் செல்லில் பி.சி.ஆர்-ஏ.பி.எல்.லின் செயலை மருந்து முழுவதுமாக அடக்கிய பிறகும் அந்தச் செல் சாவதில்லை என்று காட்டினார்கள். தன்னை உருவாக்கிய மரபணு இல்லாமலே அது பிழைக்கிறது. மேற்கு நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் முதியவர்களைத் தாக்குகிறது. இந்தியாவில் நோய் கண்டறியப்படுபவர்களில் பெரும்பங்கினர் முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்கள். முப்பது வயதுப் பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை என்றால், கர்ப்ப காலத்தில் அந்த மாத்திரை கூடாது என்ற சிக்கல் உடனே எழுகிறது. வேலைக்கு வெளியூர் போகும் இளைஞன் சில மாதம் மருந்தை விட்டால் நோய் தலைதூக்கும். ஆகவே ஸ்டெம் செல்லை அழிக்கும் வழியைத் தேடுவதன் அவசரம், பணக்கார நாடுகளைவிட நமக்கே அதிகம்.

அந்தத் தேடலில் 2009 ஒரு முக்கியமான ஆண்டு. அமெரிக்காவின் வூஸ்டர் நகரில் ஷாவ்குவாங் லீயின் ஆய்வுக்குழு, ஆலாக்ஸ்5 என்ற மரபணு இல்லாத எலிகளில் பி.சி.ஆர்-ஏ.பி.எல்.லால் சி.எம்.எல்.லை உண்டாக்க முடியவில்லை என்று நேச்சர் ஜெனெட்டிக்ஸ் இதழில் எழுதியது. ஆலாக்ஸ்5 ஒரு நொதியை உண்டாக்கும் மரபணு. கொழுப்பு அமிலம் ஒன்றிலிருந்து லூக்கோட்ரையீன் என்ற பொருள்களை அந்த நொதி உருவாக்குகிறது. ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயை இறுக்குபவை அவைதான். புற்றுநோயோடு அதுவரை பெரிதாகத் தொடர்புபடுத்தப்படாத ஒரு மரபணு இப்படி வெளிச்சத்துக்கு வந்தது. சாதாரண எலிகள் மூன்று நான்கு வாரங்களில் நோயால் செத்துப்போன அதே சோதனையில், ஆலாக்ஸ்5 இல்லாத மஜ்ஜையைப் பெற்ற எலிகள் பிழைத்துக்கொண்டன. நோயின் ஸ்டெம் செல்கள் முதலில் தோன்றவே செய்தன, ஆனால் நாளடைவில் பெருகும் திறனும் முதிரும் திறனும் குன்றித் தேய்ந்துபோயின. பி.சி.ஆர்-ஏ.பி.எல். இருந்தால் ஆலாக்ஸ்5 கூடுகிறது, இமாட்டினிப் கொடுத்தாலும் அந்தக் கூடுதல் குறைவதில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். மாத்திரைக்குத் தப்பும் செல்லின் பிழைப்புக்கு ஒரு விளக்கம் அங்கே கிடைத்தது. அந்த மரபணு இல்லாத எலியின் நல்ல ரத்தத்துக்குப் பெரிய கேடு ஏதும் வரவில்லை. ஆஸ்துமாவுக்காக 1996இலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றிருந்த ஜைலியூட்டன் என்ற மருந்து ஆலாக்ஸ்5இன் நொதியைத் தடுக்கும். அதைக் கொடுத்ததும் நோயுற்ற எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன, இமாட்டினிப்போடு சேர்த்தபோது இன்னும் நன்றாக வாழ்ந்தன. ஒரே கட்டுரையில் மரபணு, அது நோயைத் தாங்கும் முறை, கையில் இருக்கும் மருந்து என மூன்றும் அமைவது அபூர்வம்.

இப்படிப்பட்ட முடிவைப் படிக்கும்போது தொழில் தெரிந்தவர்கள் முதலில் நோயைப் பார்ப்பதில்லை, சோதனையில் எங்கே ஓட்டை இருக்கக்கூடும் என்று பார்க்கிறார்கள். எலிகள் நோயின்றி இருப்பதற்கு ஸ்டெம் செல் தேய்ந்ததுதான் காரணம் என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிட முடியாது. மரபணு நீக்கப்பட்ட மஜ்ஜையில் வைரஸ் சரியாகப் புகாமல் இருந்திருக்கலாம். அப்படியானால் நோய்க்கான மரபணுவே குறைவான செல்களில்தான் போயிருக்கும். அதனால்தான் வைரஸோடு பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவையும் இணைத்து, எத்தனை விழுக்காடு செல்கள் ஒளிர்கின்றன என்று இரு தரப்பிலும் சரிபார்க்கிறார்கள். வாலின் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்திய செல்கள் மஜ்ஜையைச் சென்று சேராமல் வழியிலேயே நின்றிருக்கலாம், அதையும் தனியே அளக்க வேண்டும். ஒப்பிடும் எலிகள் ஒரே ஈற்றுக் குட்டிகளாக இல்லாவிட்டால், நாம் பார்ப்பது மரபணுவின் வேறுபாடா அல்லது இரண்டு எலி வம்சங்களின் வேறுபாடா என்று சொல்ல முடியாது. மரபணு நீக்கிய எலியை ஒரே வம்சத்து எலியோடு பத்துத் தலைமுறைவரை இணை சேர்க்கும் பழக்கம் இதற்காகவே வந்தது. ஒரு எலியின் தொடையெலும்பிலிருந்து கோடிக்கணக்கான செல்கள் கிடைக்கும். அதில் ஸ்டெம் செல்கள் அடங்கிய கூட்டம் ஆயிரத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இவ்வளவு சிறிய எண்ணிக்கையில் ஒரு சிறு பிசகும் பெரிய வேறுபாடாகத் தோன்றும். கடைசியில் தீர்ப்புச் சொல்வது இரண்டாம் எலி: முதல் எலியின் மஜ்ஜையை அதற்குச் செலுத்திய பிறகும் நோய் வராவிட்டால்தான் வேர் அற்றுப்போனது என்று ஏற்கலாம்.

இந்தச் சோதனைகளையெல்லாம் தாண்டிய முடிவிலும் ஒரு கேள்வி மிஞ்சும். பிறப்பிலிருந்தே ஒரு மரபணு இல்லாத எலியில் நோய் வரவில்லை என்றால், நோய் தொடங்குவதற்கு அந்த மரபணு வேண்டும் என்றுதான் பொருள். மருத்துவமனைக்கு வருகிறவருக்கு நோய் ஏற்கெனவே தொடங்கி முற்றியிருக்கிறது. தொடங்கத் தேவைப்பட்டது தொடரவும் தேவைப்படும் என்று எந்த விதியும் இல்லை. பீட்டா-கேட்டனின் என்ற மரபணுவின் கதை இதைத் தெளிவாக்கியது. அது இல்லாத எலிச் செல்களால் சி.எம்.எல். ஸ்டெம் செல்களைப் புதுப்பித்துக்கொள்ள முடியவில்லை என்று 2007இல் தனிஷ்டா ரேயாவின் குழு அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதியது. 2012இல் ஃப்ளோரியன் ஹைடலும் சக ஆய்வாளர்களும் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். நோய் வளர்ந்த பிறகு அந்த மரபணுவை நீக்கினால் என்ன ஆகும்? தனியாக நீக்கியபோது பெரிய பயன் தெரியவில்லை, இமாட்டினிப்போடு சேர்த்து நீக்கியபோது எஞ்சிய ஸ்டெம் செல்கள் குறைந்தன. ஒரே மரபணு, ஒரே நோய். நீக்கிய நேரம் மாறியதும் விடை மாறிவிட்டது. நினைத்த நேரத்தில், நினைத்த திசுவில் மரபணுவை வெட்டும் எலிகளை உருவாக்கும் முறை இந்தத் தொழிலில் வந்த மிகப் பயனுள்ள மாற்றம் என்று நான் கருதுவது இதனால்தான். மருத்துவர் கேட்கும் கேள்வியை எலியிடமும் கேட்க அது வழி செய்தது.

இரண்டாம் வாசலான நல்ல ஸ்டெம் செல்லின் பிழைப்புக்கு 2006இல் வந்த பீட்டென் ஆய்வுகளே சிறந்த பாடம். பீட்டென் புற்றைத் தடுக்கும் மரபணு. அதை எலியின் ரத்தத்தில் நீக்கியபோது, மிச்சிகனில் ஷான் மாரிசனின் குழுவும் கான்சாஸ் சிட்டியில் லின்ஹெங் லீயின் குழுவும் ஒரே காலத்தில் ஒரே விசித்திரத்தைக் கண்டன. எலிகளுக்கு ரத்தப் புற்று வந்தது, அதே நேரம் அவற்றின் நல்ல ஸ்டெம் செல்கள் உறக்கம் கலைந்து வேகமாகப் பிரிந்து தீர்ந்துபோயின. ஒரே இழப்பு புற்றுச் செல்லுக்கு வாழ்வாகவும் நல்ல செல்லுக்குச் சாவாகவும் ஆனது. ராபமைசின் என்ற மருந்தைக் கொடுத்தபோது புற்றுச் செல்கள் அடங்கியதோடு நல்ல ஸ்டெம் செல்களும் மீண்டன என்று மாரிசன் குழு காட்டியது. இரண்டு செல்களும் ஒரே மரபணுவை ஒரே விதமாகச் சார்ந்திருப்பதில்லை, அந்த வேறுபாட்டுக்குள்தான் மருந்து நுழைய இடம் இருக்கிறது என்பதற்கு அது சான்று. புற்றுச் செல் செத்தது என்று மட்டும் சொல்லி, அதே சோதனையில் நல்ல மஜ்ஜை என்ன ஆனது என்று சொல்லாத கட்டுரையைப் பாதிக் கட்டுரையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல மஜ்ஜை அழிந்தால் நோயாளிக்குக் காய்ச்சலும் ரத்தக்கசிவும்தான் மிஞ்சும்.

மூன்றாம் வாசலில்தான் பெரும்பாலான வாக்குறுதிகள் இடறி விழுகின்றன. ஆலாக்ஸ்5கூட அங்கேதான் நின்றது. 2017இல் ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் சி.எம்.எல். நோயாளிகளின் ஸ்டெம் செல்களையே எடுத்துப் பார்த்தார்கள். அவற்றில் ஆலாக்ஸ்5 மிகக் குறைவாகவே செயல்பட்டது, அந்தப் பாதையைத் தடுக்கும் மருந்துகள் ஆய்வுக்கூடத்தில் அந்தச் செல்களின் வளர்ச்சியைக் குறைக்கவில்லை. ஜைலியூட்டன் இன்றுவரை சி.எம்.எல். மருத்துவத்தில் இடம்பெறவில்லை. எலி மனிதன் இல்லை என்று சொல்கிறவர்கள் இதைச் சுட்டிக்காட்டி வெற்றி கொண்டாடலாம். எலியில் இந்த நோய் சில வாரங்களில் முற்றிக் கொல்கிறது, மனிதரில் ஆண்டுக்கணக்கில் ஊர்ந்து வருகிறது என்பதும் உண்மை. ஆனால் எலியில்தான் பி.சி.ஆர்-ஏ.பி.எல். ஒன்றே நோய்க்குப் போதும் என்று நிரூபணமானது. மாத்திரைக்கு அடங்காத செல் மஜ்ஜையில் இருப்பதை எலியும் காட்டியது, மருந்தை நிறுத்திப் பார்த்த நோயாளிகளும் காட்டினார்கள். ஆக, நோய் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதில் எலி பெரும்பாலும் சரியாகவே வழிகாட்டியிருக்கிறது, எந்தக் குறிப்பிட்ட மரபணுவைத் தாக்குவது என்பதில் அடிக்கடி வழி தவறியிருக்கிறது. கருவியைத் தூக்கி எறிய இது காரணமாகாது. எந்தக் கேள்விக்கு அதை நம்பலாம், எந்தக் கேள்விக்கு மனிதச் செல்லைத்தான் கேட்க வேண்டும் என்று பிரித்தறியவே இது கற்றுத்தருகிறது.

எலியிலிருந்து மனிதனுக்கு என்ற ஒருவழிப் பாதையாகவே எல்லோரும் இதைப் பேசுகிறார்கள். எதிர்த்திசையில் நடந்த கதை நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வெள்ளைப் பாஷாணம் என்று நாட்டு மருந்துக்காரர்கள் அறிந்த ஆர்செனிக் ட்ரையாக்சைடை, புரோமைலோசைட்டிக் ரத்தப் புற்றுக்குச் சீனாவின் ஹார்பின் நகர மருத்துவர்கள் 1970களிலிருந்து பயன்படுத்தினார்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1998 முதல் 2004 வரை புதிதாக வந்த 72 நோயாளிகளுக்கு அந்த ஒரே மருந்தைக் கொண்டு சிகிச்சை அளித்தது. வேறு தீவிர மருந்துகளின் செலவையும் அவற்றால் வரும் தொற்றுகளின் செலவையும் தாங்க முடியாதவர்கள் நிறைந்த நாட்டுக்கு ஏற்ற வழி அது. விக்ரம் மேத்யூஸ், மாமென் சாண்டி உள்ளிட்டோர் 2006இல் பிளட் இதழில் வெளியிட்ட முடிவு உலகம் கவனித்த ஒன்று: நூற்றுக்கு 86 பேருக்கு நோய் முழுவதும் அடங்கியது, மூன்று ஆண்டுகள் கழித்து உயிரோடு இருப்போரின் கணக்கும் நூற்றுக்கு 86 என்றே இருந்தது. ஆர்செனிக் எப்படி வேரையே தாக்குகிறது என்ற விளக்கம் அதற்குப் பிறகுதான் எலிகளிடமிருந்து வந்தது. இந்த நோயை உண்டாக்கும் ஒட்டுப் புரதத்தின் ஒரு பாதி பி.எம்.எல். என்ற புரதம். ஆர்செனிக் அதைப் பற்றிச் சிதைக்கிறது, ஒட்டுப் புரதம் சிதையும்போது நோயைத் தொடங்கும் செல்லே இல்லாமல்போகிறது என்று 2008இல் பாரிஸின் ஊக் டெ டே குழு எலிகளில் காட்டியது. அதே ஆண்டில் பாஸ்டனில் பாவ்லோ பண்டோல்ஃபியின் குழு, பி.எம்.எல். மரபணு இல்லாத எலிகளில் சி.எம்.எல்.லின் ஸ்டெம் செல்கள் உறங்க முடியாமல் பிரிந்து பிரிந்து தீர்ந்துபோகின்றன என்று கண்டது. மரபணுவை நீக்கியபோது நடந்ததை ஆர்செனிக் மருந்தாகவே செய்தது, உறக்கம் கலைந்த செல்களை வழக்கமான மருந்து கொன்றது. மனித சி.எம்.எல்.லில் இந்த வழி இன்னும் மருத்துவமாக நிலைபெறவில்லை. ஆனால் வேலூரில் நோயாளிகளிடம் கண்ட பலனும் மரபணு இழந்த எலியிடம் கிடைத்த விளக்கமும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்கின்றன. இந்தத் துறையில் நிலைத்து நின்ற அறிவு இப்படி இரண்டு பக்கத்திலிருந்தும் உறுதிப்பட்டதுதான்.

மருத்துவமனையில் அடிப்படை வசதிக்கே போராடும் நாட்டில் எலிகளுக்கு ஏன் பணம் என்ற ஆட்சேபத்தையும், வாயில்லா உயிரை வதைப்பது தகுமா என்ற ஆட்சேபத்தையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இரண்டாவதற்கு முதலில் பதில்: 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 1998இல் வந்த விதிகள், ஒவ்வொரு நிறுவனத்திலும் நெறிமுறைக் குழுவின் அனுமதி பெற்றே எலியைத் தொட வேண்டும் என்கின்றன. எத்தனை எலி, ஏன் அத்தனை, வலி தெரியாமல் இருக்க என்ன ஏற்பாடு, எந்த நிலையில் சோதனையை நிறுத்துவது என்றெல்லாம் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத் தொல்லையாக நினைத்த காலம் உண்டு. நடைமுறையில் அது அறிவியலையும் திருத்தியது. எண்ணிக்கையை நியாயப்படுத்த வேண்டியிருந்ததால் கேள்வி கூர்மையானது. மோசமாகத் திட்டமிட்ட சோதனையில் சாகும் எலிதான் உண்மையில் வீணாகச் சாகிறது. பணத்தைப் பொறுத்தவரை, நம் நோயாளியின் வயதும் சூழலும் வேறாக இருக்கும்போது அவருக்கான விடையை வேறொரு நாடு தேடித் தரும் என்று காத்திருப்பதுதான் செலவு மிகுந்த வழி. வேலூர் ஆர்செனிக் ஆய்வு நம் நோயாளியின் நிலையிலிருந்து கேள்வி கேட்டதால் பிறந்தது. அதே வேலூரில் இயங்கும் ஸ்டெம் செல் ஆய்வு மையம் இன்று ஹீமோஃபிலியாவுக்கான மரபணு சிகிச்சையை மனிதர்களிடம் செய்து காட்டியிருக்கிறது. செய்யும் திறன் இங்கே இருக்கிறது.

இந்தத் துறையில் கருவிகள் மாறிய வேகம் மலைக்க வைப்பது. மரபணு நீக்கிய ஒரு எலி வம்சத்தை உருவாக்க ஓர் ஆண்டுக்கு மேல் பிடித்த வேலையை 2012க்குப் பிறகு வந்த கிரிஸ்பர் முறை சில மாதங்களுக்குள் சுருக்கிவிட்டது. ஒவ்வொரு செல்லாகப் பிரித்து அதில் எந்தெந்த மரபணு செயல்படுகிறது என்று படிக்க முடிகிறது. ஒரே சோதனையில் ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். இந்த வேகம் ஒரு ஆபத்தையும் கொண்டுவந்திருக்கிறது. முதல் வாசலைத் திறப்பது மலிவாகிவிட்டதால் முதல் வாசலிலேயே நின்றுவிடும் கட்டுரைகளும் பெருகிவிட்டன. நல்ல மஜ்ஜையைச் சோதிப்பதும் நோயாளியின் செல்லில் சரிபார்ப்பதும் இன்றும் மெதுவான, செலவுமிக்க, பெயர் கிடைக்காத வேலைகள். பழைய முடிவு மனிதச் செல்லில் நிற்கவில்லை என்று காட்டும் கட்டுரைக்குப் புதிய முடிவுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதிகூடக் கிடைப்பதில்லை. நோயாளிக்கு அதிகம் உதவுவது அந்தக் கட்டுரைதான். ஆலாக்ஸ்5 பற்றிய 2009 செய்தியைப் படித்துவிட்டு ஆஸ்துமா மருந்தை நம்பியிருக்கக்கூடிய ஒருவரைக் காப்பாற்றுவது 2017 கட்டுரை.

ஆகவே செய்தித்தாளில் எலி குணமானது என்று படிக்கும் குடும்பம் மூன்றைக் கேட்க வேண்டும்: நோய் வந்த பிறகு மரபணுவை நீக்கினார்களா, நல்ல மஜ்ஜை தப்பியதா, மனித நோயாளியின் செல்லில் பார்த்தார்களா. மூன்றுக்கும் ஆம் என்ற பதில் வரும்வரை கையில் இருக்கும் மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது. மருந்தை நிறுத்திப் பார்ப்பது, ரத்தத்தில் நோயின் மரபணு எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் அளந்து, மருத்துவரின் கண்காணிப்பில் மட்டுமே செய்ய வேண்டியது. அந்த அளவீடு அடிக்கடி, நம்பகமாக, அருகிலேயே கிடைத்தால்தான் நம் ஊர்க்காரருக்கு அந்த வாய்ப்பு உண்மையாகும். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டிருக்கிறது, மதுரையில் ராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. அங்கே எடுக்கும் ரத்தம் அளவீட்டுக்கூடத்துக்குப் போய் முடிவோடு திரும்பி வரும் ஏற்பாடு சீராக அமைந்தால், மல்லாங்கிணற்றுக் கூலிக்காரர் ஒவ்வொரு தடவையும் வேலூருக்கோ அடையாறுக்கோ கூலியை விட்டுவிட்டு ரயிலேற வேண்டியதில்லை. அதே மாதிரிகளை நோயாளியின் சம்மதத்தோடு பாதுகாத்து வைத்தால், இளம் வயதில் நோய் காணும் நம் மக்களின் ஸ்டெம் செல்கள் எந்த மரபணுவை நம்பிப் பிழைக்கின்றன என்று இங்கேயே கேட்க முடியும். உலகம் முழுவதும் எலிகளில் கிடைத்த முடிவுகள் நூற்றுக்கணக்கில் குவிந்து கிடக்கின்றன. அவற்றை நம் நோயாளியின் செல்லில் வைத்துப் பார்க்கும் அந்த மூன்றாம் வாசலின் வேலைக்குத்தான் இப்போது பணமும் ஆளும் பொறுமையும் வேண்டும்.